பத்து மணிக்கு மேல் என்ன செய்வது

மிஷனரிகளாகப் புறப்பட்ட எங்களை வழியனுப்பு ஆராதனையில் முன்னால் அழைத்து முழங்காலில் நிற்கச் சொன்னார்கள். சபையார் எல்லாரும் எழுந்து கைகளை நீட்டினார்கள். மூத்த போதகர் எங்கள் தலைமேல் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தார். எதிர்ப்பு வந்தால் தாங்கும் பெலன், நோய் வந்தால் சுகம், கடின மனங்கள் இளகும் கிருபை என்று ஒன்றையும் விடாமல் கேட்டார். அதற்கெல்லாம் மனதைத் தயார் செய்துகொண்டுதான் கிளம்பினோம். ஒன்றை மட்டும் யாரும் சொல்லி அனுப்பவில்லை. காலை பத்து மணிக்கு மேல் என்ன செய்வது என்பதை.

பணித்தளத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே எங்களோடு பழகுகிறவர்களின் நிம்மதி கெடக்கூடாது. நானும் கணவரும் நான்கு வயது மகளும் போய் இறங்கினோம். மொழி தெரியாது, ஒரு முகமும் தெரியாது. இவ்வளவு போதும்.

முதல் வாரம் வீட்டை ஒழுங்கு செய்வதிலேயே போய்விட்டது. இரண்டாவது வாரத் திங்கட்கிழமை விடியுமுன் எழுந்து ஜெபித்தோம், வேதம் வாசித்தோம், சமைத்தோம், துணி துவைத்துக் காயப்போட்டோம். மணி பத்துதான் ஆகியிருந்தது. அந்த ஊரில் எங்களுக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. தட்டுவதற்கு ஒரு கதவு கிடையாது. தட்டினாலும் சொல்ல வார்த்தை கிடையாது. சபையில் இருந்தபோது ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், வியாதியஸ்தர்களைப் பார்க்கப் போவது என்று நேரம் போதாமல் ஓடியவள் நான். அந்த ஓட்டத்தைத்தான் ஊழியம் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. ஓட இடமில்லாமல் போனதும் கையும் காலும் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. கணவர் வேதாகமத்தை மடியில் விரித்துவைத்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் திரும்பவே இல்லை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் அறிக்கை அனுப்ப வேண்டும். சந்தித்த வீடுகள், சுவிசேஷம் அறிவிக்கப்பட்டவர்கள், கொடுத்த கைப்பிரதிகள் என்று கட்டம் கட்டமாக ஒரு தாள். முதல் இரண்டு மாதம் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட்டோம். மூன்றாவது மாதம் அவருக்குக் கை வரவில்லை. "என்ன எழுதறது?" என்றார். தெருவில் எதிர்ப்பட்டு வணக்கம் சொன்னவர்களை எல்லாம் கணக்கில் சேர்த்து, 12 வீடுகள் என்று எழுதினோம். அன்று இரவு இருவருக்குமே தூக்கம் பிடிக்கவில்லை. பொய்யென்று சொல்ல முடியாது, மெய்யென்றும் சொல்ல முடியாது. எங்களைத் தாங்கும் குடும்பங்களில் சிலர் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டு காணிக்கை அனுப்புகிறவர்கள். அவர்கள் முன்னால் அந்த 12-ஐ வைக்க வெட்கமாக இருந்தது. மறுநாளே பொறுப்பாளருக்கு உள்ளதை உள்ளபடி கடிதம் எழுதினோம். அவர் கோபிக்கவில்லை. இனி ஒரு வருஷத்துக்கு அந்தத் தாளே வேண்டாம், அந்த மாதம் கற்ற சொற்களையும் தெரிந்துகொண்ட மனிதர்களின் பெயர்களையும் மட்டும் எழுதுங்கள் என்று பதில் போட்டார். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். மிஷனரிகளை அனுப்புகிற சபைகள் எல்லாவற்றுக்கும் இதைக் கெஞ்சிக் கேட்பேன்: முதல் வருஷத்தில் எண்ணிக்கை கேட்காதீர்கள். கேட்டால் எண்ணிக்கை கண்டிப்பாக வரும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு ஒருநாளும் தெரியாது.

மிஷனரி வரலாற்றைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ராபர்ட் மாரிசன் 1807-ல் சீனாவுக்குப் போனார். முதல் ஞானஸ்நானம் 1814-ல். அதோனிராம் ஜட்சன் 1813-ல் ரங்கூனில் இறங்கினார். முதல் பர்மியர் விசுவாசத்துக்கு வந்தது 1819-ல். வில்லியம் கேரி 1793 நவம்பரில் வங்காளம் வந்தார். கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் கடைசியில். இதையெல்லாம் நானே ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "ஏழு வருஷம் பொறுமையாக உழைத்தார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போயிருக்கிறேன். ஏழு வருஷம் என்றால் 2,500-க்கு மேற்பட்ட காலைகள். அந்தக் காலைகளில் பத்து மணிக்கு அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பிள்ளைகளும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

பெரும்பாலும் மொழி படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் விடை.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் வேலைக்குத் தேவையான அளவுக்குத் தமிழ் கற்க ஏறக்குறைய 1,100 மணி நேர வகுப்பு வேண்டும். சீனம், ஜப்பானியம், அரபு போன்றவற்றுக்கு 2,200. அதுவும் நல்ல ஆசிரியர்கள் உட்காரவைத்துச் சொல்லித்தரும்போது. எங்களுக்கு வகுப்பு இல்லை. தெருதான் வகுப்பு. மாலை நான்கு மணி ஆகும்போது தலைக்குள் ஏதோ கனத்துப்போய், எதிரில் பேசுகிறவரின் வாய் அசைவது மட்டும் தெரியும், ஒரு சொல்லும் உள்ளே இறங்காது. சொந்த மொழியில் நான்கு பேருக்குப் புத்தி சொல்லிப் பழகியவர்கள், "தண்ணீர் எப்போது வரும்?" என்று கேட்பதற்கு வீட்டிலேயே மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. ஐந்து வயதுப் பையன் என் உச்சரிப்பைத் திருத்தினான். அது வலித்தது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அந்த நாட்களில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய அவர், வயதான தமிழ் ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே திண்ணைப் பள்ளி நடத்த வரவழைத்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி வந்ததைத்தான் நாம் கொண்டாடுகிறோம். எனக்கு அந்த மணல்தான் கண்முன் நிற்கிறது. டென்மார்க் அரசர் அனுப்பிய ஒரு குருவானவர், அந்நிய ஊர்ப் பிள்ளைகள் பார்க்கத் தம் விரலால் கோணலாக எழுத்துப் போட்டிருப்பார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அவரிடம் பயம் போயிருக்கும்.

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வந்து இரண்டு மாதமாகியும் தலையசைப்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. அவர் வீட்டுக்கு வயதான அம்மாள் ஒருவர் வந்து போவதைப் பார்த்திருந்தேன். அவருடைய தாயார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒருநாள் துணிந்து போய், கற்றிருந்த சொற்களைக் கோத்து, "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டேன். நம் மொழியில் அப்படிக் கேட்டால் வீட்டில் இருக்கிறாரா என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். சொல்லுக்குச் சொல் மாற்றியபோது அந்த மொழியில் அது வேறொன்றாகிவிட்டது. உங்கள் தாயார் உயிரோடு இருக்கிறாரா என்று நான் கேட்டிருக்கிறேன். வந்து போகிறவர் அவருடைய மாமியார். தாயார் இறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அக்கா வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். எனக்குக் காரணம் புரியவில்லை. தொடவும் தயக்கம், திரும்பிப் போகவும் தயக்கம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டிப் புரட்டி, செய்தது என்னவென்று கண்டுபிடித்தபோது எனக்கும் அழுகை வந்தது.

சாயங்காலம் அவரே வந்தார். என் நோட்டை வாங்கி, இரண்டு வாக்கியங்களை நிதானமாகச் சொன்னார். ஒன்றுக்கு வீட்டைக் காட்டினார். இன்னொன்றுக்குத் தன் மூக்கின் முன்னால் கையை வைத்து மூச்சைக் காட்டினார். நான் எழுதி முடித்ததும் எழுந்து போகவில்லை. தாயாரின் நோயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பாதிக்குமேல் எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு மணி நேரம் சொன்னார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் உரையாடல் அதுதான். அந்த மாத அறிக்கையில் அவர் பெயரையும் இரண்டு வாக்கியங்களையும் எழுதினேன்.

கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1960-ல் கலாச்சார அதிர்ச்சி பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். புது இடத்துக்குப் போனவர்களிடம் காணப்படும் அடையாளங்களை அதில் எழுதியிருக்கிறார்: அளவுக்கு மீறிக் கை கழுவுவது, குடிதண்ணீரையும் படுக்கையையும் பற்றி ஓயாத கவலை, சிறு தாமதத்துக்கும் பொங்கும் கோபம், ஏமாற்றப்படுகிறோமோ என்ற பயம், ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற ஏக்கம். இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். மகளின் கையை நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவிவிட்டேன் என்று கணக்கே இல்லை. வண்டி பத்து நிமிஷம் தாமதமானால் கணவருக்குக் கோபம் வரும். வீட்டுக்கு வந்து என்னிடம் காட்டுவார். பிறகு மன்னிப்புக் கேட்பார். எங்கள் ஆவிக்குரிய நிலைதான் தாழ்ந்துபோயிற்று என்று நினைத்து உபவாசம் கூட இருந்தோம். ஜெபம் தேவையில்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதற்கு ஒரு பெயர் உண்டு, இது எல்லாருக்கும் வரும், வந்து மெல்ல விலகும் என்று பயிற்சிக் காலத்திலேயே யாராவது சொல்லியிருந்தால், ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்ட எத்தனையோ இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். "எதற்கு வந்திருக்கிறீர்கள்?" என்று வீட்டுக்காரர் கேட்டபோது, மொழி படிக்க வந்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தோம். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஆறு மாதம் கழித்து வேறு யாரோ மூலம் மீதி அவருக்குத் தெரியவந்தது. வந்து நின்றார். "நீங்கள் யாரைக் கும்பிட்டால் எனக்கென்ன? என்னிடம் ஏன் மறைத்தீர்கள்?" என்றார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. மன்னிப்புக் கேட்டோம். அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒரே விடைதான். இயேசுவைப் பின்பற்றுகிறவர்கள் நாங்கள். அவரைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்களிடம் சொல்வோம். விரும்பாதவர்களுக்கும் நல்ல அண்டை வீட்டாராக இருப்போம். இப்படிச் சொன்னதால் இரண்டு மூன்று கதவுகள் மூடிக்கொண்டன. மூடட்டும். மறைத்துத் திறந்த கதவு எங்களைக் கூசவைத்தது. அந்தந்த இடத்துச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதையும் போவதற்கு முன்பே முழுதாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சட்டத்துக்குள் வாழத்தான் போகிறோம்.

உதவிகள் விஷயத்திலும் எனக்குத் திட்டமான கருத்து உண்டு. கஷ்டத்தில் இருப்பவர் வந்து கேட்டால், முடிந்ததைக் கொடுக்க வேண்டும். கொடுத்ததோடு ஜெபக் கூட்டத்துக்கு வாருங்கள் என்ற அழைப்பைச் சேர்த்து நீட்டக்கூடாது. அப்படிச் செய்தால் அவர் வருவது பசிக்காகவா விசுவாசத்துக்காகவா என்று அவருக்கே தெரியாமல் போய்விடும். அவருடைய மனச்சாட்சியில் கை வைக்க எனக்கு உரிமையில்லை.

பிள்ளையைப் பற்றி எழுதும்போதுதான் கை தயங்குகிறது. மகள் எங்களைவிட வேகமாக மொழி பிடித்தாள். எட்டு மாதத்தில் எங்களுக்கே மொழிபெயர்த்துச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். பார்க்கிறவர்கள் மெச்சினார்கள். எங்களுக்கும் பெருமையாக இருந்தது. ஒருநாள் ஒரு பெரியவர் எங்கள்மேல் கோபமாக எதையோ சொல்ல, அவள் அதைத் தமிழில் சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள். அம்மா அப்பாவுக்கு வலிக்கக்கூடாதென்று அந்தச் சின்ன வாய் விழுங்கிக்கொண்டது எனக்குப் புரிந்தது. அன்றோடு அவளை மொழிபெயர்க்கச் சொல்வதை நிறுத்தினோம்.

கேரியின் கதையில் அவர் மனைவி டாரதியை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். கப்பலேற மாட்டேன் என்றுதான் டாரதி முதலில் சொன்னார். பிரசவம் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், தன் தங்கையும் உடன் வருவதானால் சரி என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். ஐந்து மாதக் கடற்பயணம். வந்த மறு வருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுப்போக்கில் இறந்துபோனான். அதற்குப் பிறகு டாரதியின் மனம் கலங்கியது. 1807-ல் அவர் இறக்கும்வரை தெளியவில்லை. பக்கத்து அறையில் அவர் கத்திக்கொண்டிருக்க, கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். அந்த மொழிபெயர்ப்புகளின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் கேரியின் விடாமுயற்சிக்கு உதாரணமாக மட்டும் இனி என்னால் சொல்ல முடியாது. அழைப்பு இருவருக்கும் வந்ததா என்று கேட்காமல் ஒரு குடும்பத்தை அனுப்பக்கூடாது. என் கணவர் கேட்டார். "நீ வரலைன்னா நானும் போகலை" என்றார். நான் ஒரு மாதம் ஜெபித்துவிட்டுத்தான் சரி சொன்னேன். அந்த ஒரு மாதம்தான் பிறகு பல பகல்களில் என்னை அங்கே நிறுத்தி வைத்தது.

முதல் வருஷத்தின் கடைசியில் கணவருக்குக் காய்ச்சல். இரண்டு நாள் மாத்திரையில் ஓட்டினோம். மூன்றாம் இரவு இரண்டு மணிக்கு அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. யாரை அழைப்பது, எந்த எண்ணுக்கு, என்ன சொல்லி? மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அக்காவின் கதவைத் தட்டினேன். கற்ற மொழி மொத்தமும் மறந்துவிட்டது. "காய்ச்சல், காய்ச்சல்" என்று அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டு நின்றேன். அக்கா தன் கணவரை எழுப்பினார், வண்டி வந்தது, மருத்துவமனையில் அவரே முன்னால் நின்று பேசினார். நாங்கள் திரும்பிவரும்வரை மூன்று நாள் மகள் அவர் வீட்டில் இருந்தாள்.

வந்த பிறகு அக்காவின் நடையே மாறியிருந்தது. அதுவரை வாசலில் நின்று கூப்பிடுவார். இப்போது நேராக உள்ளே வந்து அடுப்பைப் பார்ப்பார். ஏன் இந்த மாற்றம் என்று ஒருநாள் கேட்டேன். "நீங்கள் யாருக்காவது ஏதாவது செய்துகொண்டே இருந்தீர்கள். உங்களுக்கு எங்களிடம் ஒன்றும் வேண்டியதில்லை என்று நினைத்து ஒதுங்கி இருந்தோம்" என்றார்.

இது என்னைப் புரட்டிப்போட்டது. பன்னிரண்டு மாதமாக என்ன கொடுக்கலாம், எதைச் செய்யலாம் என்றே தேடியிருக்கிறோம். சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பும்போது பணப்பை வேண்டாம், ஒரே வீட்டில் தங்குங்கள், முன்னால் வைத்ததைச் சாப்பிடுங்கள் என்றார் ஆண்டவர். அதைத் தியாகம் என்றுதான் எனக்குப் பிரசங்கித்திருந்தார்கள். பிறர் வீட்டுச் சோற்றுக்குக் காத்திருக்கிறவர்களாக அவர்களைப் போகச் சொன்னார் என்பது அன்றுதான் உறைத்தது. கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் அவர் பேசிய முதல் பேச்சும் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டதுதான்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர். தாமே தெலுங்கு பேசும் ஊரான தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு கற்று ஊழியம் செய்த தமிழர். 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகளின் முன் நின்று, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அவர் அதை வெள்ளைக்காரர்களிடம் சொன்னார் என்று எண்ணிப் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்கப்படுகிறது. வந்த இடத்தில் நானும் கொடுக்கிறவளாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு பத்து மணிக்கு அக்காவின் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். சந்திப்பு என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. அவர் தைப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொடுப்பேன், சொற்கள் கேட்பேன். தையல் எனக்கு வராது; அதையும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூவரும் வீட்டிலேயே ஆராதிப்போம். "ஏம்மா நாம மட்டும் பாடறோம்?" என்று மகள் முதலில் கேட்பாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டாம் வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை அக்கா தையலிலிருந்து கண்ணெடுக்காமல், எங்கள் பாட்டு ஒன்றின் ராகத்தைத் தப்பில்லாமல் முனகினார். "இதில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறதே, அதற்கு என்ன அர்த்தம்?" என்றார்.

கிருபை. எத்தனையோ முறை போதித்த சொல். அவர் மொழியில் அதற்கு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அகராதியில் இருந்த சொல்லைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், அது அதிகாரி மனு வாங்கும்போது சொல்வது என்றார். நான் எனக்குத் தெரிந்த உடைந்த வாக்கியங்களில் விளக்கினேன். கடனைத் திருப்பித் தர முடியாத ஒருவன், அடைத்துவிட்டு அவனிடம் சொல்லாமலே போய்விடுகிற இன்னொருவர் என்று. அக்கா ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு யோசித்தார். ஒரு சொல் சொன்னார். இல்லை, இதில் கொஞ்சம் இரக்கம் மாதிரி இருக்கிறது என்று அவரே அதைத் தள்ளினார். இன்னொன்று சொன்னார். அது தாய் பிள்ளைக்குச் செய்வதற்கு மட்டும்தான் பொருந்தும் என்றார். உள்ளே போய் மாமியாரைக் கூட்டிவந்தார். இருவரும் அவர்கள் பேச்சில் வேகமாக வாதாடினார்கள். நான் நோட்டை மடியில் வைத்து, எட்டும் சொற்களை எல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன்.